மிச்சமண்ணை பூட்டிய துவக்கு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்துத் தமிழ் வீடு எதிலாவது ஆடாத கட்டில் ஒன்றைக் கண்டிருந்தால், அது மிச்சமண்ணை பூட்டாத கட்டில் என்று நீங்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கலாம். பெட்டியில் துண்டு துண்டாக வரும் எந்தச் சாமானையும் எங்கள் ஆட்களுக்கு அவர்தான் பூட்டிக் கொடுப்பார். பூட்டி முடித்து எழும்பும்போது உள்ளங்கையில் கட்டாயம் ஓர் ஆணியோ இரண்டு நட்டோ மிச்சமிருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது. சொந்தப் பெயர் அவருடைய மருத்துவ அட்டைக்கு மட்டுமே தெரியும்.

"அண்ணை, இது எங்கத்தையான்?" என்று கேட்டால் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

"அது கொம்பனிக்காரன் கூடப் போட்டு விடுறவன். நீர் பயப்பிடாமல் படும்."

விளக்கப் புத்தகத்தை அவர் பிரித்ததே கிடையாது. தன்னுடைய கைக்கு எல்லாம் தெரியும் என்பார்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தார். துறைமுகப் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் வேலை. பிரெஞ்சில் அவர் கைவசம் இருந்தது 'வுய்' என்ற ஒரே சொல். நம்முடைய 'ஓம்'. அதை வைத்தே அந்த ஊரில் சீவியத்தை ஓட்டினார். கிடங்கின் போர்மன் ஒரு வயதான கியூபெக்காரர். பாசை தெரியாத மிச்சமண்ணையை யாரும் சேர்க்காத காலத்தில் வேலைக்கு எடுத்த புண்ணியவான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் நீளமாக ஏதோ கேட்க, அண்ணை வழக்கம்போல "வுய், வுய்" என்று தலையாட்டியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை ஆளுயரப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

எங்கள் வீட்டு ஹோலில் வைத்துத்தான் திறந்தோம். புத்தக அலுமாரி என்று என் மனைவி நினைத்தாள், திரைச்சீலைக் கம்பி என்று நான் நினைத்தேன். உள்ளே ஓர் இரும்புக் குழல், செதுக்கி முடிக்காத மரக்கட்டை, விசை, தீக்கல், நீளமாக ஒரு கம்பி.

"இது துவக்கு," என்றார் அண்ணை, எங்களைவிடக் குழம்பிப்போய். "இடியன்."

குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து வெடிக்க வைக்கும் பழைய ரகத் துப்பாக்கிக்கு ஊரில் அதுதான் பெயர்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள்," என்று மனைவி என்னிடம் சீறினாள். "இந்த மனிசன் இஞ்ச வந்து துவக்குப் பூட்டுதோ?"

நான் போர்மனுக்குப் போன் எடுத்து, பாதி ஆங்கிலம் பாதிப் பிரெஞ்சில் விசாரித்தேன். எப்போதோ வாங்கி நிலவறையில் போட்டு வைத்த சாமானாம், பூட்டித் தருவாயா என்றுதான் அன்றைக்கு அண்ணையிடம் கேட்டாராம். இந்த இலையுதிர் காலத்தோடு ஓய்வு பெறுகிறாராம், இந்தத் துவக்கோடுதான் வேட்டைக்குப் போக ஆசையாம். சட்டத்துக்கு இது பழம்பொருள்தான், பயப்பட வேண்டாம் என்றார்.

"திருப்பிக் குடுப்பம் அண்ணை," என்றேன்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். வேலை தந்த மனிசன்."

பிறகு நடந்தது எதுவும் எனக்கு விளங்கவில்லை. பல்கனியில் இருந்து கட்டையைச் செதுக்கினார். கிரிக்கெட் மட்டை செய்கிறார் என்று அடுத்த வீட்டார் நம்பினார்கள். குழலைக் கண்ணாடி மாதிரி மினுக்கினார். மினுக்கிய குழலைத் துருப்பிடிக்க வைக்கவேண்டும், போர்மன் சைகையில் அப்படித்தான் காட்டினார் என்று சொல்லி, எதையோ பூசி, எங்கள் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஆவிக்குள் தொங்கவிட்டார். கட்டைக்கு எண்ணெய் பூசவேண்டும் என்பதையும் சைகையிலேயே விளங்கிக்கொண்டார். எந்த எண்ணெய் என்று சைகையில் வரவில்லை. நல்லெண்ணெய் பூசினார். துவக்கு தீபாவளிக் காலைபோல் மணத்தது.

ஒருவழியாகப் பூட்டி முடித்தார். உள்ளங்கையில் ஒன்று மிச்சம். பன்றிக்குட்டியின் வால்போல் சுருண்ட சின்ன இரும்பு.

முதல் தடவையாக அவர் கொம்பனிக்காரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் கழற்றித் திரும்பப் பூட்டினார். வால் மிச்சம். பெட்டியைக் கவிழ்த்து விளக்கப் புத்தகத்தைத் தேடினார். நிலவறை எலி தின்றிருக்க வேண்டும், ஒரு தாள்கூட இல்லை.

"கட்டில் எண்டால் விழுந்து எழும்பலாம்," என்றார். "இது வெடிச்சுச் சிதறினால் அந்த மனிசன்ரை கண்ணெல்லோ போகும்?"

சாப்பாடு குறைந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்தது. பொறுக்கமுடியாமல் நானே போர்மனை அழைத்து, பன்றி வால் ஒன்று மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சனிக்கிழமை துவக்கோடு தன் தம்பியின் தோட்டத்துக்கு வரச் சொன்னார். பன்றி இறைச்சி விருந்துக்கு நான் அடிபோடுகிறேன் என்று நினைத்தாரோ தெரியவில்லை.

மூவருமாக வயல் ஓரத்தில் நின்றோம். போர்மன் துவக்கை மணந்து பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். விசைக்கு மேலே அண்ணை வைத்துவிட்டிருந்த குங்குமப் பொட்டைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். மருந்து போட்டார், குண்டு போட்டார், கம்பியால் இடித்தார். தோளில் வைத்துக் குறிபார்க்கும் நேரம் மிச்சமண்ணை பாய்ந்து குழலைப் பிடித்தார்.

"நோ! நோ! மீ!"

அவர் 'நோ' சொல்லி நாங்கள் இருவரும் கேட்டதே இல்லை. திகைத்துப்போன போர்மனைத் தள்ளிக்கொண்டுபோய் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

"நீரும் போம். அவரை எட்டிப் பாக்க விடாதையும்."

தனியாக நடந்துபோய், முருகா என்று சொல்லி, இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

வயலே அதிர்ந்தது. வெள்ளைப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. "அண்ணை! அண்ணை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். புகை கலைய, முகமெல்லாம் கரியோடு நின்றார். துவக்கு முழுசாக இருந்தது. விரல்களும் இருந்தன. குண்டு எங்கே போனது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

போர்மன் கைதட்டினார். பிறகு அண்ணையிடம் அந்த வாலை வாங்கி, கம்பியின் நுனியில் முறுக்கிப் பூட்டி, துணி சுற்றிக் குழலுக்குள் விட்டுத் துடைத்தார். அவ்வளவுதான், துப்புரவாக்கும் சாமான்! கொம்பனிக்காரன் இந்தமுறை மெய்யாகவே கூடப் போட்டு விட்டிருக்கிறான். அண்ணை இதை ஒரு வருசத்துக்குச் சொல்லித் திரிவார் என்று நினைத்தேன். அவரோ நேரே வந்து காரில் ஏறினார்.

"அண்ணை, வெடிச்சுச் சிதறியிருந்தால் உங்கட கையெல்லோ போயிருக்கும்?"

"பூட்டினது நான். பேந்து வேற ஆரின்ரை கை போறது?"

சொல்லிவிட்டு சீற் பெல்ட்டை இழுத்தார். எல்லாம் தெரிந்த அந்தக் கைக்கு அதைக் கொழுவ முடியவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். இத்தனை காலமும் நான் சிரித்துச் சிரித்தே பழகிய அந்த மனிதர் மீது எனக்கு அப்போது வந்த பாசத்துக்கு அளவில்லை. நானே குனிந்து பெல்ட்டைப் பூட்டி, இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தேன்.