கோதண்டராமன் போட்ட ஓட்டை

சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்குப் படப்பையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கோதண்டராமன் முடிவு கட்டிவிட்டார். வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை அந்த உல்லன் நூல் இருக்க வேண்டும்.

ஒரகடத்தில் வண்டி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். பகல் முழுக்க இரும்பில் குறை கண்டுவிட்டு, சாயங்காலம் மனிதர்களில் காண்பார். மேனேஜர் முறைத்தது, உற்பத்தி லைன் நின்றது, கேன்டீன் சாம்பார் தண்ணீராக ஓடியது, எல்லாவற்றையும் மனைவி எழிலரசி டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்பாள். அந்த அரை மணிக்காகத்தான் மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரமும் அவர் உயிரோடு இருந்தார்.

இரண்டு மாதமாக அது போச்சு. எதிர்வீட்டு மெர்சி அவளை ‘தினம் ஒரு துண்டு’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். நாற்பது பெண்கள். தினமும் ஆளுக்கு உள்ளங்கை அகலத்துக்குக் கொக்கி ஊசியால் குரோஷா பின்னி, சாயங்காலம் ஆறரைக்குள் போட்டோ போட வேண்டும். மாதிரி கிடையாது, கண்ணி எண்ணுவது கிடையாது, கை போன போக்கு. பிறகு நாற்பது பேரும் நாற்பது பேரையும் புகழ வேண்டும். இதில் புருஷனுக்கு ஏது இடம்?

அன்றைக்குச் சோதித்துப் பார்த்தார்.

“எழிலு, இன்னிக்கி எங்க மேனேஜரத் தூக்கி பெயிண்ட் தொட்டில போட்டுட்டாங்க.”

“நல்லா காய வுட்டு எடுங்க,” என்றாள் போனைப் பார்த்தபடியே. “அப்புறம்?”

அப்புறம் திட்டம்தான். குரூப்பே காறித் துப்பினால் அவளே ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் வாங்கப் போன நேரத்தில் டீப்பாய் மேலிருந்த பாதித் துண்டை எடுத்தார். நடுவில் கத்தரிக்கோலை விட்டு முட்டை அளவுக்கு ஓட்டை போட்டார். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பொருளுக்குக் கட்டும் சிவப்புக் கயிறு சட்டைப்பையில் கிடந்தது. பழக்க தோஷம், அதையும் ஓட்டைக்குக் குறுக்கே நாலு இழுப்பு இழுத்துக் கட்டினார்.

எழிலரசி வந்தாள். துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்படியே போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். போன் விடாமல் அலறியது. கோதண்டராமன் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மெர்சி செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். “இன்னாக்கா இது, இந்த ஓட்டைய எப்பிடிக்கா யோசிச்ச?” உலகம்மாள் என்று ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடம் ஹாஸ்டலில் சமைப்பவள், வாய்ஸ் மெசேஜே அனுப்பிவிட்டாள். “எக்கா, அந்தச் செவப்புக் கயிறப் பாத்துக்கிட்டே நின்னு சோத்தக் கரியவிட்டுட்டேன், பாத்துக்கிடுங்க.”

பதினெட்டு வருஷத்தில் அவர் ரிஜெக்ட் செய்த எதையும் யாரும் கொண்டாடியதில்லை. ரோஷம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகுமுன் பழைய லுங்கியைக் கிழித்துச் சொருகினார். செவ்வாய்க்கிழமை முடிச்சு மேல் முடிச்சுப் போட்டு ஒரு ஓரத்தைக் கட்டியாக்கினார். புதன்கிழமை கெடுப்பதற்குப் பின்னல் போதவில்லை. யூடியூபைப் பார்த்து அவரே நாலு வரி பின்னி, அப்புறம் கெடுத்தார். பாராட்டு ஏறிக்கொண்டே போனது. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை மாலை எழிலரசி டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஊசி இல்லை, போன் இல்லை. மேனேஜரில் ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

“இருங்க,” என்றாள். “பதினெட்டு வருஷமா உங்க சட்டையத் தோச்சுக்கினு கீறேன். அந்தச் செவப்புக் கயிறு எனக்குத் தெரியாதா?”

அவர் டீக்குள் பார்த்தார்.

“ஊசி, நூலு, கத்திரிக்கோலு மூணும் தெனம் உங்க கைக்கு எட்டற எடத்துலயே இருந்திச்சே, எதுக்குன்னு யோசிச்சீங்களா? நாலு நாளா மத்தியானம் நிம்மதியாத் தூங்குறேன். எங்க வூட்டுக்காரர் கைவேலைன்னு குரூப்ல சொல்லிட்டேன். உங்களயும் சேத்துட்டாங்க. இனிமே நம்ம வூட்டுத் துண்டு உங்க பொறுப்பு.”

கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ குளுகுளுவென்றிருந்தது. அப்படியானால் சாயங்காலம் நீ சும்மாதானே இருப்பாய், நான் சொல்வதைக் கேட்கலாமே என்று மெல்லக் கேட்டார்.

எல்லார் துண்டையும் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கப் போகிறார்களாம். தினமும் ஆறரைக்கு மெர்சி வீட்டில் தையலாம்.

“உங்க லைன் கதையெல்லாம் குரூப்ல வாய்ஸ் மெசேஜா போட்டுடுங்க,” என்று செருப்பை மாட்டினாள் எழிலரசி. “நேரங் கெடச்சா கேக்கறேன்.”