தூக்கம் டீச்சர் நடத்திய பாட்டு

மாத்தளை மாவட்டத்திலேயே தூங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லோரும் சும்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தவர்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எங்களுக்கு அவர் தூக்கம் டீச்சர்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. சனிக்கிழமைகளில் மாத்தளை டவுனுக்கு வந்து, பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே பட்டத்துக்குப் படிக்கிற எங்களோடு வெளிவாரி வகுப்பில் உட்காருவார். உட்காருவார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நான் அப்போது மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளார்க். வகுப்பு நடந்தது ஒரு ஹாஜியாரின் மிளகு, கராம்புக் கடைக்கு மேல்மாடியில். கீழே ஒரு சாக்கை உதறினால் மேலே வகுப்பு முழுக்கத் தும்மும். விரிவுரையாளர் தும்முவார், கரும்பலகை துடைக்கிற பையன் தும்முவான், கூரையில் இருக்கும் புறாகூடத் தும்மியிருக்கும். டீச்சர் மட்டும் கன்னத்தில் கை வைத்தபடி, ஏதோ பாட்டுக் கச்சேரி கேட்பவரைப் போல, இதமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் எல்லோருமே களைத்துப்போயிருந்தோம். பஸ்ஸில் ஏறினால் களைப்பு, இறங்கிச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றால் களைப்பு, பேப்பரைப் பிரித்தால் அதைவிடக் களைப்பு. ஆனாலும் ஒருவருக்கொருவர் வெட்கப்பட்டு விழித்திருந்தோம். டீச்சருக்கு அந்த வெட்கம் இல்லை.

ஒருமுறை அலுவலக வேலையாக இரத்தோட்டைக்குப் போய்விட்டு, மறுநாள் அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். சாவடி வந்ததும் வழக்கம்போல எல்லோரும் அடையாள அட்டையோடு இறங்கினோம். டீச்சர் இறங்கவில்லை. ஜன்னலில் தலை சாய்த்து, அட்டையை மட்டும் கையில் நீட்டிப் பிடித்தபடி அசந்து தூங்கினார். துவக்கோடு ஒரு சின்ன ஆமிக்காரப் பொடியன் பஸ்ஸில் ஏறினான். அட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு நீளமாக ஒரு கொட்டாவி விட்டு, கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னான்: "ஏ நோனாவ நெகிட்டவன்ன எப்பா." அந்த அம்மாவை எழுப்பாதே என்று. அவனுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

டீச்சரை எழுப்ப உலகத்தில் ஒரே ஒரு சத்தத்தால்தான் முடியும். பத்து மணிக்குக் கீழேயிருந்து பிளேன்டீ வரும். கிளாஸில் கரண்டி 'டிங் டிங்' என்று பட்டதோ இல்லையோ, டீச்சர் கதிரையைத் தள்ளிக்கொண்டு துள்ளி எழும்புவார்.

"இந்தா வந்துட்டேங்க!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விடுவார். அப்புறம்தான் இது வகுப்பு என்பது உறைக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் மறுபடி தூங்கிவிடுவார். டீச்சருக்கு டீமேல் அப்படி ஒரு ஆசை என்று நாங்கள் பேசிச் சிரிப்போம்.

கண்டியிலிருந்து வரும் எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்து மனிதர். இலக்கியம் என்றால் உயிர். அவர் பாட்டுக்கு உருகிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் குறட்டை வந்தால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

"பிள்ளை, என்ன நித்திரையோ?" என்று அதட்டுவார்.

"இல்லீங்க சேர், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

இதில் வேடிக்கை பார்க்க முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. டீச்சர் இந்தத் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவர். இது கடைசி வாய்ப்பு. பாஸ் பண்ணினால் பட்டம், பட்டம் கிடைத்தால் நிரந்தர நியமனம். இல்லாவிட்டால் தொண்டர் என்ற பேரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் வேறு வருமானம் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொல்வதற்குள் தூங்கிவிட்டார்.

பரீட்சை நெருங்கியது. எங்களைப் போல வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டுகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்வோம். அவரவர் பாட்டை அவரவர் படித்து வந்து மற்றவர்களுக்கு நடத்த வேண்டும். மற்றவர்கள் அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் எழுதுவார்கள். பங்கு போட்ட அன்று நல்ல பாட்டுகளெல்லாம் விழித்திருந்தவர்களுக்குப் போய்விட்டன. கடும் சொல் நிறைந்த, யாருக்கும் வேண்டாத ஒரு பழம் பாட்டு மிஞ்சியது. அது தூங்கிக்கொண்டிருந்தவர் தலையில் விழுந்தது.

போரில் காயம்பட்டு வீட்டுக்கு வந்து கிடக்கிறான் ஒரு வீரன். பக்கத்தில் அவன் மனைவி. விளக்கு அணையாமல் பார்க்கிறாள், காற்று பலமாக வராமல் கதவைச் சாத்துகிறாள், விடியவிடியக் காவல் இருக்கிறாள். பாட்டு அவ்வளவுதான். டீச்சருக்கு இது வந்ததும் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பாட்டில் கேள்வி வந்தால் மொத்த வகுப்பும் கூண்டோடு பெயில்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் எழுந்து நின்றார். கண் திறந்திருந்தது. அவருடைய விழி என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சொல் சொல்லாகப் பிரித்தார், பொருள் சொன்னார், தடுமாறாமல் முடித்தார். உட்காரப் போனவர் நின்றார்.

"ஒரு விசயந்தாங்க சேர் இந்தப் பாட்டுல இல்ல."

"என்ன இல்லை?"

"வெளக்கு இருக்கு, கதவு இருக்கு, புண்ணு இருக்கு. இந்தப் பொம்பள எப்ப தூங்குனான்னு மட்டும் இல்லீங்க."

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உரை எழுதின ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை."

"அவங்கெல்லாம் ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பாங்க சேர்."

சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பிளேன்டீ வந்தது. டிங் டிங். "இந்தா வந்துட்டேங்க" என்று பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார். நின்றபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு லொறி டிரைவருங்க. தம்புள்ளையில மரக்கறி ஏத்திக்கிட்டு வவுனியாப் பக்கம் போனாரு. வழியில கண்ணிவெடி வெடிச்சிருச்சு. இடுப்புலயும் தொண்டையிலயும் காயம். எந்திரிக்கவும் ஏலாது, சத்தம் போட்டுக் கூப்பிடவும் ஏலாது. ராத்திரியில ஏதும் வேணும்னா டம்ளர்ல கரண்டியாலத் தட்டுவாரு. சண்டைக்கெல்லாம் போகலீங்க சேர், லீக்ஸுதான் கொண்டுபோனாரு."

கிளாஸ்களைக் கலக்காமலே எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் கரண்டி வரவேயில்லை. ஹாஜியாரும் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இனிக் கீழேயே கலக்கி அனுப்பச் சொல்லிவிட்டார். சாக்கு உதறுவதை மட்டும் அவராலும் நிறுத்த முடியவில்லை.

பரீட்சை நாளும் வந்தது. வினாத்தாளைத் திருப்பினால் முதல் கேள்வியே டீச்சரின் பாட்டு! எனக்கு ஒரே சந்தோஷம். மனப்பாடத்தைக் கொட்டத் தொடங்கினேன். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தால், எனக்கு முன்மேசையில் டீச்சர் விடைத்தாளில் கன்னம் வைத்துத் தூங்குகிறார். பேனா தரையில் கிடக்கிறது.

எங்கள் வகுப்பு ஆட்கள் ஒவ்வொருவராகக் கவனித்தார்கள். ஒருவர் இருமினார். இன்னொருவர் தும்மினார். அவ்வளவு மிளகுக்கும் எழும்பாதவர் இதற்கா எழும்புவார்? மேற்பார்வையாளருக்கு டீ வந்தபோது எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தோம். பாவி மனிதன், கரண்டியைத் தொடாமல் அப்படியே குடித்தார்.

என் மேசையில் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் இருந்தது. பேனா மூடி உலோகம். கையில் எடுத்தும் தட்ட மனம் வரவில்லை. இரவெல்லாம் அந்தச் சத்தத்துக்கு எழும்புகிற மனுஷியைப் பகலிலும் அதே சத்தத்தால் எழுப்புவதா என்று தோன்றியது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன்.

"இந்தா வந்துட்டேங்க!"

மண்டபமே திரும்பியது. டீச்சர் எழுந்து பாதித் தூரம் போய்விட்டார். "எங்கம்மா போறீங்க? இருங்க!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். பிறகு என்னிடம் வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். தண்ணீரில் விடை எதுவும் கிடைக்காததால் முறைத்துவிட்டுப் போனார். டீச்சர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கீழே குனிந்து பேனாவை எடுத்தார். மணியடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை.

பெறுபேறு வந்தது. டீச்சர் பாஸ். தோட்டத்துக்குக் கடிதம் போய்ச் சேர நாளாகும் என்று விரிவுரையாளரும் நானும் இரத்தோட்டைக்கு பஸ் ஏறினோம். மனிதர் வழியெல்லாம், வாசலில் நின்று எப்படி அறிவிப்பது என்று வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் கால் வைத்ததும், கதிரையில் சாய்ந்திருந்த ஒரு மெலிந்த மனிதர் உதட்டில் விரலை வைத்தார். அவர்தான் வீட்டுக்காரர். இப்போது ஊன்றுகோலோடு மெல்ல எழுந்து நடக்கிறார். அவர் காலடியில் பாயில் டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதாங்க கண்ண மூடுனா." காற்றும் சத்தமும் பாதிப் பாதியாக வந்த குரல்.

'பிள்ளை, நித்திரையோ' என்று வருடம் முழுக்க அதட்டிய விரிவுரையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல உள்ளே வந்தார். "படுக்கட்டும், படுக்கட்டும்" என்று என் காதுக்குள் சொன்னார். செய்தியை நான் வாயசைவில் சொன்னேன். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, ஊன்றுகோல் தரையில் படாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், எங்களுக்கு ஒவ்வொன்றாகப் பிளேன்டீ கொண்டுவந்தார்.

"சீனியக் கையில வாங்கிக்கங்க. கரண்டி போட்டா எந்திரிச்சிருவா."

உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே நாங்கள் இருவரும் டீ குடித்தோம். ஊர் முழுக்க மைக் வைத்துச் சொல்ல வேண்டிய செய்தியை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம்.