போத்தலுக்குள் கடவுள் துகள்

மாங்குளம் சந்தியில் இறங்கி யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. சனம் போத்தலும் கையுமாகப் போகும் பக்கம் நடந்தால் போதும். பெரிய தகரப் பந்தல். வாசலில் ஆளுயரப் படம். படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, அதற்கு மேலே உருத்திராட்சம் தொங்கவிட்ட சுவாமி துகளானந்தா. விஞ்ஞானமும் வேண்டும், விபூதியும் வேண்டும் என்று தவித்த சனத்துக்கு இரண்டும் ஒரே ஆளில் கிடைத்தால் விடுமா? ஓமந்தையிலிருந்துகூட வான் பிடித்து வந்தது.

சுவாமி தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தன் "பிரபஞ்ச யந்திரம்" முன்னால் வைப்பார். கண்ணை மூடுவார். கடவுள் துகள் மேலேயிருந்து இறங்கும். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைப் போத்தலருகே பிடிப்பார். பச்சை வெளிச்சம் எரிந்தால் துகள் ஏறிவிட்டது, உண்டியலில் காணிக்கையைப் போடலாம். அந்தத் தண்ணீர் சீனி வருத்தம் என்கிற நீரிழிவை மாற்றும், மூட்டு வலியை மாற்றும், மறுக்கப்பட்ட விசாவையும் எடுத்துத் தரும். துகளுக்குத் தூதரகம் வரை செல்வாக்கு!

இந்த நிலையில்தான் யதுர்ஷிகா விடுமுறைக்குத் தன் ஊரான உருத்திரபுரம் வந்து சேர்ந்தாள். அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டுத் துகள் பௌதிகக் குழுவில் ஆராய்ச்சி மாணவி. வீட்டில் தங்கராசா மாமா கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். கால் பெருவிரலில் சீனி வருத்தத்தால் ஆறாத புண்.

"மாமா, கிளினிக்குக்குப் போறியளோ? குளிசை போடுறியளோ?"

"அதெல்லாம் நிப்பாட்டிப் போட்டன் பிள்ளை. இப்ப துகள் தண்ணிதான்."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"உங்கடை ஆக்கள்தான்! பல்கலைக்கழகத் துகள் குழுவே ஒத்துக்கொண்ட யந்திரமாம். நீ படிக்கிற அதே துகள்."

யதுர்ஷிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் படிக்கும் படிப்பின் பெயரால் மாமாவின் கால் அழுகப் போகிறதா?

மாமா சுவாமியிடம் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்த பிரபஞ்ச யந்திரப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒரு கரும்பலகையின் புகைப்படம். அதில் இருந்தது அவளுடைய கையெழுத்து! குழுவின் இணையத்தளத்தில் போட்ட படத்தைச் சுவாமி சுட்டுவிட்டார். அந்தக் கணக்கில் ஒரு சகக்குறி (+) பிழை. அதைப் பிடிக்கக் குழு முழுவதும் ஒரு பின்னேரம் சண்டை பிடித்தது. மூலையில் அவளே கிறுக்கியிருந்தாள்: "பால் வாங்கோணும்."

"மாமா, இது நான் எழுதினது. பிழையான கணக்கு. தேத்தண்ணிக்குப் பால் முடிஞ்சு போச்செண்டு மூலையிலை எழுதியிருக்கிறன்."

"உனக்கு விளங்காது. பால் எண்டது பாற்கடல். சுவாமி விளக்கம் சொன்னவர்."

"கடவுள் துகள் எண்டது பத்திரிகைக்காரர் பரப்பின பட்டப்பெயர் மாமா. அது பிறந்த கணமே சிதைஞ்சு போயிடும். போத்தலுக்குள்ளை அடைக்கேலாது."

"நீ அதைக் கண்ணாலை கண்டனியோ?"

"இல்லை."

"பாத்தியே! அவர் கண்டவர்."

இரவு முழுக்க அவளுக்குக் கோபம். விடிந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. குழுவில் யாராவது புதுக் கோட்பாடு கொண்டு வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கும்பிடமாட்டார்கள். உடைக்கப் பார்ப்பார்கள். உடையாமல் நின்றால்தான் அடுத்த கதை.

அம்மா விமலேஸ்வரியையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு மாங்குளம் போனாள். பந்தலுக்குப் பக்கத்தில் நபீஸாவின் கடை. சுவாமியின் புண்ணியத்தில் அங்கே வெறும் போத்தல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. யதுர்ஷிகா தன் யோசனையைச் சொன்னாள்.

"நீ வெண்டிட்டியெண்டால் என்ரை போத்தல் வியாபாரம் படுத்திடும்," என்றாள் நபீஸா.

"விருப்பமில்லையெண்டால் விடுங்கோ அக்கா."

"ஆர் சொன்னது? உன்ரை மாமா மாதிரி எத்தினை பேர் மருந்தை விட்டிட்டுத் திரியினம். கொண்டா போத்தலை!"

காலையில் துகள் ஏற்றி வந்த ஆறு பேரிடம் போத்தல்களை இரவல் வாங்கினார்கள். எல்லாம் நபீஸா கடைப் போத்தல்கள், ஒரே அச்சு. நபீஸா அடியில் ஆளுக்கொரு அடையாளம் கீறி, துகள் ஏறியதற்குச் சாட்சியாகச் சுவாமி ஒட்டிய படங்களை உரித்தெடுத்தாள்.

பந்தலுக்குள் யதுர்ஷிகாவைக் கண்டதும் சுவாமிக்கு வாயெல்லாம் பல். "துகள் ஆராய்ச்சிப் பிள்ளையே எங்களைத் தேடி வந்திருக்கிறா!"

"ஓம் ஐயா. இந்த ஆறிலை எதெதிலை துகள் இருக்கு, எதெதிலை இல்லையெண்டு உங்கடை பேனாவாலை சொல்லுங்கோ."

சுவாமி மனதுக்குள் கணக்குப் போட்டார். படித்த பெட்டை, ஒன்றில் மட்டும் துகள் தண்ணியை ஒளித்திருப்பாள். முதல் போத்தல், வெளிச்சமில்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை. நாலாவதில் பச்சை பளிச்சென்று எரிந்தது. மற்ற இரண்டும் இருட்டு.

"இது மட்டும்தான் துகள்! மற்ற அஞ்சும் வெறும் கிணத்துத் தண்ணி. கிட்டப் போகவே கை எரியுது!"

கைதட்டல் பந்தலைப் பிளந்தது. நபீஸா ஆறுதலாக ஒரு போத்தலைக் கவிழ்த்து அடையாளத்தைப் பார்த்தாள்.

"இராசமலர் அக்கா, இந்தக் கிணத்துத் தண்ணி உங்கடை."

முன்வரிசைப் பக்தை இராசமலர் எழும்பினாள். "என்ரையோ? ஐயோ, இது விடிய நீங்கள் துகள் இறக்கித் தந்ததெல்லே சுவாமி!"

மற்ற நாலு பேரும் தங்கள் போத்தல்களைக் கண்டு எழும்பினார்கள்.

"ஆறும் நீங்கள் ஏத்தின தண்ணிதான் ஐயா," என்றாள் யதுர்ஷிகா. "அஞ்சு வெறும் தண்ணியெண்டு நீங்களே சொல்லிப் போட்டியள்."

"துகள்... வழியிலை பறந்திருக்கும்..."

"நான் மூடியே திறக்கேல்லையடா!" இராசமலர் பேனாவைப் பறித்தாள். பெருவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். அமத்தினாள், பச்சை. கதிரைக் காலில் பிடித்து அமத்தினாள், பச்சை. பந்தலுக்குள் நுழைந்த ஆட்டுக்கும் பச்சை. சுவாமியின் தொப்பை வண்டியில் வைத்து அமத்தினாள், அங்கேயும் பச்சை! சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்க முதல் சுவாமி கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ஏ9 வீதியில் பொடியள் மடக்கிப் பொலிசில் கொடுத்தார்கள். உண்மைப் பெயர் பிரதாபன். முந்தி வவுனியாவில் தண்ணீர் வடிகட்டிகள் விற்றவராம்.

அடுத்த நாள் தங்கராசா மாமா கிளினிக் வாங்கில் உட்கார்ந்து, "எனக்கு முதலே சந்தேகந்தான்" என்று பக்கத்து ஆளுக்கு விளாசிக்கொண்டிருந்தார். புண்ணுக்கு மருந்து கட்டியாயிற்று.

பின்னேரம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இராசமலர் வந்தாள். கையில் போத்தல்.

"பிள்ளை, அந்தக் கள்ளன் போகட்டும். நீ உண்மையாத் துகள் படிச்சனி. நீ ஒருக்கா இறக்கித் தாவன்."

யதுர்ஷிகா தலையில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"அன்ரி, எங்கடை குழுவிலை நான் சொல்லுறதை ஒருத்தரும் சும்மா நம்பினதில்லை. நீங்களும் நம்பாதேங்கோ. என்னையும் சோதிச்சுப் பாருங்கோ."

கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேட உலகத்தில் மைல்கணக்கில் சுரங்கம் வெட்டுகிறார்கள். மூளையைத் தேட அவ்வளவு பாடு தேவையில்லை ஐயாமாரே, அம்மாமாரே. கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது. பாவித்தால் காணிக்கையும் இல்லை.