பூம்புகார்ச் செட்டியாரும் மூணாம் திருவிழாவும்

உலகத்துல அரை றாத்தல் வெங்காயத்தோட ஆயிரம் வருஷச் சரித்திரத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த மளிகைக் கடைக்காரர் ஒரே ஒருத்தர்தான். இலங்கைத் தேயிலை மலையில், பூண்டுலோயா கடைத்தெருவில் எங்க பூம்புகார்ச் செட்டியார்!

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் கடையை ஒட்டி நான் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தேன். நடுவில் வெறும் பலகைச் சுவர். அவர் குலக்கதையை நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற தலையெழுத்து எனக்கு.

கதை இதுதான். செட்டியார் குலம் பூம்புகாரில் கப்பலும் முத்துமா வாழ்ந்தது. சோழ ராஜாவோட பெரிய மனஸ்தாபம். மானம் பெருசுன்னு மொத்தக் குலமும் உயிரை விட்டது. குருகிட்டப் படிச்சிக்கிட்டிருந்த ஆயிரத்து ஐந்நூத்து ரெண்டு பையன்கள் மட்டும் மிச்சம். பொண்ணுன்னு ஒண்ணுகூட இல்லை. வேளாளர் வீடுகளில் பெண் எடுத்து, திரும்ப வம்சம் தழைச்சது.

கொழுந்து பறிச்சிட்டு அவசரமா வர்ற பொம்பளைங்க கெஞ்சுவாங்க. "ஐயா, ராஜா கோவிச்சது வரைக்கும் நேத்தே கேட்டாச்சுங்க. அடுப்புல உலை கொதிக்குது, பருப்பைக் குடுங்க!"

"அப்ப பொண்ணு எடுத்ததிலேர்ந்து சொல்றேன்" என்பார். பருப்பு கைக்கு வராது.

அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான் செட்டியார். மத்தவங்க எல்லாம் எப்பவோ கப்பலேறி இந்தியா போயிட்டாங்க. இவருக்குக் கல்யாணமும் ஆகலை. ஆனா அம்மன் கோயில் திருவிழாவில் மூணாம் நாள், அதான் மூணாம் திருவிழா, செட்டியார் சமூகத்து உபயம். அன்னைக்குச் சாமி முன்னால பரிவட்டம் கட்டிக்கிட்டு நிற்பார் பாருங்க, அதுக்காகத்தான் மனுஷன் வருஷம் பூரா உயிரோட இருந்தார்.

அதுக்கு வந்தது ஆபத்து. கோயிலுக்குப் புதுசா வந்த தலைவர் ஒரு லொறிக்காரர். கோயில் கூட்டத்தில் பட்டுனு கேட்டுட்டார்: "செட்டியார் சமூகம்னு போட்டிருக்கு. சமூகம் எங்கங்க? ஒத்த ஆளு சமூகமா? அடுத்த கூட்டத்துல மூணாம் திருவிழாவை லொறிச் சங்கத்துக்கு மாத்திருவோம்."

மூணு நாள் செட்டியார் கதையே சொல்லலை. பருப்பு கேட்டால் பருப்பு, உப்பு கேட்டால் உப்பு. "ஐயாவுக்கு மேலுக்கு முடியலையா?"ன்னு சனம் பயந்து போச்சு.

நாலாம் நாள் கடையைப் பூட்டிட்டு என் கடைக்குள்ள வந்தார்.

"தம்பி, பொண்ணு எடுத்தாங்களே, அந்தப் பொண்ணுங்க அப்புறம் யாரு?"

"செட்டியாரம்மாதாங்க."

"வெளியிலேர்ந்து வந்தவங்கதான?"

"ஆமாங்க."

"அப்ப நீயும் வா!"

எழுந்து கூடப் போனேன். ரெண்டு பேருமா ஏறி இறங்கி ஆள் கூப்பிட்டோம், தெருவில் ஒரு கடை விடலை.

கூட்டத்தன்னைக்குத் தலைவர் சிரிச்சார். "உங்க முன்னோரு பொண்ணு எடுத்து வம்சத்தைக் காப்பாத்தினாங்க. நீங்க கல்யாணமே பண்ணலையே, யாரை எடுத்தீங்க?"

"தெருவையே எடுத்துட்டேங்க" என்று கதவைத் திறந்தார்.

சலூன்காரர், தையல்காரர், மரக்கறிக்கடை அக்கா, தேத்தண்ணிக்கடைக்காரர், நான் என்று பதினேழு பேர் வரிசையா உள்ளே போனோம். கடைசியில் சிங்களப் பேக்கரி முதலாளி, நெத்தி நிறையத் திருநீறு! "அபித் செட்டியார் தமய்!" என்று முழங்கினார். நாங்களும் செட்டியார்தான் என்கிறார்! கூட்டம் கூரை பிய்யச் சிரிச்சது.

தலைவர் கோயில் ஐயரைப் பார்த்தார். ஐயர் கண்ணைத் துடைச்சிக்கிட்டே, "கூடி வந்து உபயம் எடுத்தா அது சமூகந்தான். எழுதுங்க" என்றார். அந்த இடத்திலேயே சலூன்காரர் செட்டியாரைத் தோளில் தூக்கிட்டார்.

அந்த வருஷ மூணாம் திருவிழா மாதிரி பூண்டுலோயா பார்த்ததில்லை. ரெண்டு செட்டு மேளம், தேர் நிறையப் பூ, பேக்கரியிலிருந்து பெட்டி பெட்டியா பணிஸ். கொட்டுற மழையில் பரிவட்டத்தோட அவர் நின்ன நிற்பு இருக்கே, சோழ ராஜா பார்த்திருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பான்! லொறித் தலைவரே வந்து குடை பிடிச்சார்.

மறுநாள் காலையில் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ சீனி கேட்டாங்க. கதை ஆரம்பிச்சது. பூம்புகார், ராஜா, பையன்கள், கல்யாணம் எல்லாம் ஆச்சு. வழக்கமா அங்கே முடியும். அன்னைக்கு முடியலை.

"அப்புறம் இந்த மலைக்கு வந்து நம்ம குலம் ஒத்த ஆளா நின்னுச்சு. அப்ப பக்கத்துல ரேடியோ கடை வச்சிருந்த புள்ள ஒண்ணு, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம, முத ஆளா எழுந்திருச்சு வந்துச்சு..."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பொறந்தவன் நான். தாத்தா பேருக்கு மேல எனக்கு வம்சம் தெரியாது. கையிலிருந்த வேலையைக் கீழே வச்சிட்டு, பலகையில் காதை ஒட்டி நின்னேன். ஐயோ, கதை இவ்வளவு சீக்கிரம் முடியுதேன்னு இருந்துச்சு.