கேட்டுச்சொல்லி கொடுத்த கொக்கி

கோட்டாறில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்களிடம் பேசித்தான் வியாபாரம் செய்வார்கள். செத்துப்போன வண்டிகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வியாபாரம் செய்த ஒரே மனிதர் எங்கள் கேட்டுச்சொல்லிதான்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்ததாகவும் தெரியவில்லை. பழைய வண்டிச் சாமான் எது கேட்டுப் போனாலும், "நில்லும், கேட்டுட்டு சொல்லுதேன்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. யாரிடம் கேட்பார் என்றால், அங்கே வேறு ஆளே கிடையாது. கடைத்தெரு நெரிசல் எல்லாம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவருடைய யார்டு. ஓடி முடித்த பஸ், ஜீப், வேன், லாரி எல்லாம் சாலையைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். புல் இன்ஜினுக்குள் முளைத்து, ஹெட்லைட் இருந்த ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும்.

அவர் ஒரு வண்டியின் அருகில் போய், பானெட்டில் நெற்றியை வைத்து, ஏதோ முணுமுணுப்பார். பிறகு காத்திருப்பார். உள்ளே எங்கிருந்தோ 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு சத்தம் என்றால் சம்மதம். இரண்டு என்றால் தர மாட்டேன் என்று அர்த்தம்.

வெயிலில் இரும்பு சூடாகி விரியும்போது அப்படிச் சத்தம் வரும் என்று எனக்கும் தெரியும். அவர் உச்சி வேளையில் மட்டும்தான் வியாபாரம் செய்வார் என்பதும் ஊருக்கே தெரியும். ஆனாலும் காற்று அசையாத அந்த நேரத்தில், அத்தனை குருட்டு வண்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த 'டிக்' கேட்டால் வெயிலிலேயே குளிரும்.

எங்கள் ஊரில் 'சவம்' என்ற சொல் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பஸ் வராவிட்டால் சவம், மழை வந்தால் சவம், வேட்டி நழுவினால் அதுவும் சவம். யார்டுக்குள் மட்டும் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஒருமுறை ஒரு லாரி டிரைவர், துருப்பிடித்த போல்ட் கழலவில்லை என்று, "சவத்தத் தள்ளும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

கேட்டுச்சொல்லி முகம் மாறியது. "வே, ஒருத்தனுக்க வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு அவனையே அப்படி விளிப்பியளா? அந்த வண்டிகிட்ட மன்னிப்புக் கேளும்."

டிரைவர் சிரித்தார். அப்போது பேட்டரியே இல்லாத பஸ் ஒன்றின் ஹாரன் 'ம்ம்ம்' என்று முனகியது. டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டியைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஹாரனுக்குள் அணில் கூடு கட்டியிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அணில் 'ம்ம்ம்' என்று சொல்லுமா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது. அவர் தரும் சாமானை மாட்டினால், கழற்றிய பழையதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எந்த ஊரில் கழற்றினாலும் சரி. "அன்னிய ஊரு ரோட்டுல போட்டிராதயும். அது வண்டியத் தேடிக்கிட்டு நடந்து வரும். பாவம், வழி தெரியாது" என்பார்.

நான் புதுக்கடை என்ற ஊர்ப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டு ஏற்றும் பழைய டீசல் வேன் ஓட்டுகிறவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆட்களோடு அதிகம் பேசுகிற பழக்கம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. என் அண்ணன் தாசையன் கீரிப்பாறை மலைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் வெட்டுக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட, திரிபுராவுக்குப் போனார். அங்கே ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. உட்கார முடியாது. ரயிலில் கொண்டுவர வழியில்லை. போனில் அழுதார்.

"ஏலே, நான் இங்க செத்தா இங்கனயே பொதச்சிருவாங்க. எனக்கு இங்க ஒரு மனுசரையும் தெரியாது. என்ன வந்து கொண்டு போலே."

என் வேனில் படுக்கவைத்தே கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். என் மனைவியின் தம்பி ஜெபஸ்டின் துணைக்கு வந்தான். வளைகுடாவில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். "ரிஸ்க் எடுக்கப்படாது அத்தான், எல்லாத்துக்கும் பேக்கப் வேணும்" என்று கிளச் பிளேட், டைனமோ, ரேடியேட்டர், இரண்டு ஸ்டார்ட்டர் என்று வேனுக்குள் குவித்தான். இன்னொரு வேனே உள்ளே இருந்தது. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த மெத்தையை அதன் மேல் போட்டு, "ஓக்கே" என்றான். அண்ணனை அதில் படுக்க வைத்தால் மூக்கு கூரையில் இடிக்கும்.

எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. அதனால் கேட்டுச்சொல்லியிடம் போனோம்.

அவர் குவியலைப் பார்த்தார். என் வேனில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடினார். இன்ஜின் அணைந்துதான் இருந்தது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார்.

"எல்லாத்தையும் எறக்கும். இது வழியில மூணு எடத்துல நின்னுரும். அதுக்கு உள்ளது மட்டும் போதும். ஆனா ஊரு விட்டுப் போகப் பிரியம் உள்ளதாப் பாத்து எடுக்கணும். எல்லாம் வராது."

பள்ளிக்கூட வேன் ஒன்றிடம் ரேடியேட்டர் ஹோஸ் கேட்டார். டிக். "பிள்ளையளச் சொமந்தது. சூடாகாது, கோவப்படாது." கீரிப்பாறைக்கு ஓடிய ஒரு ஜீப்பிடம் டீசல் பைப் கேட்டார். டிக். "மலை ஏறிப் பழகினது." ஃபேன் பெல்ட்டுக்கு ஒரு கறுப்பு வண்டி முன்னால் போய் நின்றார். அதன் கூரையில் சிலுவை இருந்தது.

ஜெபஸ்டின் பதறினான். "அண்ணாச்சி, இது சவவண்டில்லா!"

"வே! வாய அலம்பிட்டுப் பேசும்."

"சரி, ஊர்வலத்துக்கு உள்ள வண்டி. சொகமில்லாத ஆளக் கொண்டுவரப் போறோம். இதுக்க பெல்ட்டா?"

"இத விட்டா ஏது நல்ல பெல்ட்? ஏத்தின ஆள எறக்காம இது வந்ததுண்டா? ஒருத்தராவது வழியில எறங்கிப் போயிருக்காவளா?"

டிக் என்று வண்டியே சொன்னது.

கடைசியாக அவர் தன் சொந்த லாரியின் முன்னால் போனார். யார்டில் முழுதாக நின்ற வண்டி அது ஒன்றுதான். சரக்கு விழாமல் அடைக்கும் பின்பலகை மட்டும் கிடையாது. அவர் இளவயதில் வடக்கே ஓட்டிய லாரி. இடதுபக்க சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும்; தினமும் தூசி தட்டுவார்; யாரையும் உட்கார விடமாட்டார். அதனிடமிருந்து ஒரு துருப்பிடித்த போல்ட் கூட யாருக்கும் கிடைத்ததில்லை.

நெற்றியை வைத்தார். அன்று வெகுநேரம் காத்திருந்தார். டிக்.

அவரே திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். பிறகு பின்னால் போய், பலகை இல்லாமல் வெறுமனே தொங்கிய சங்கிலியிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றி என் கையில் வைத்தார். உச்சி வெயிலிலும் அது சில்லென்று இருந்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி? எங்க வேன்ல இது எங்கயும் சேராதே" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கும் போகணும்னு சொல்லிச்சு. கொண்டு போ மக்கா."

ஒடிசாவில் பெல்ட் அறுந்தது. கறுப்பு வண்டியின் பெல்ட்டை மாட்டினோம். அதற்குப் பிறகு எந்தச் சுடுகாட்டைக் கடந்தாலும் வேன் 'கீ...' என்று அழுதது. சாலையில் அழாமல் வரும், சுடுகாடு வந்தால் அழும், தாண்டினால் நிறுத்திவிடும். ஜெபஸ்டின் முதலில் சிரித்தான். பிறகு பாஷை தெரியாத ஊர்களில், வெறும் புதர் என்று நாங்கள் நினைத்த இடங்களில் அது அழ ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் புதருக்குள் கல் நட்டிருக்கும். அதோடு அவன் சிரிப்பதை நிறுத்தி ஜெபம் சொல்ல ஆரம்பித்தான்.

வங்காளத்தில் ஹோஸ் கிழிந்தது. அஸ்ஸாம் மலையில் டீசல் பைப் உடைந்தது. மூன்று இடம். செத்த மூன்றையும் சாக்கில் போட்டுக் கட்டினோம். ஜெபஸ்டினே தன் கையால் முடிச்சுப் போட்டான்.

திரிபுராவில் அண்ணன் படுக்கையில் கிடந்தார். அவர்தான் முதலில் பேசினார். "வந்துட்டியா? இந்தப் பழைய தகரம் இவ்வளவு தூரம் வந்திச்சா!" மெத்தையைப் பார்த்த டாக்டர் தலையாட்டினார். மெத்தை ஆகாது. முதுகு கொஞ்சமும் வளையக்கூடாது. ஆள் நீளத்துக்குக் கனமான பலகை வேண்டும், அது வண்டிக்குள் அசையாமல் இருக்க வேண்டும் என்றார். இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும் என்றார். அண்ணன் என் கையைப் பிடித்தார்; விடவில்லை.

பலகை தேடி அந்த ஜங்ஷனில் அலைந்தோம். ஒரு டீக்கடை வாசலில், ஓடையின் குறுக்கே பலகை போட்டு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நானும் மிதித்துத் தாண்டப் போனேன். பேன்ட் பையில் இருந்த கொக்கி தொடையில் இடித்தது. குனிந்து பார்த்தேன். சேறு பிடித்த பலகையின் ஓரத்தில், பாதி அழிந்த தமிழ் எழுத்து. 'மாதா துணை.'

லாரியின் பின்பலகை அது. ஒரு ஓரத்தில் சங்கிலியும் கொக்கியும் இருந்தன. இன்னொரு ஓரத்தில் கொக்கி இல்லாத வளையம்.

"அத்தான்," என்றான் ஜெபஸ்டின், "எனக்கு இப்ப டீ வேண்டாம்."

டீக்கடைக்காரரிடம் கையைக் காட்டியும் காலைக் காட்டியும் பேசினோம். கடைசியில் வளைகுடா மெத்தையைக் கொடுத்தோம். ஓடைக்குக் குறுக்கே மெத்தையைப் போட முடியாதே என்று அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு அதில் படுத்துப் பார்த்தார், எழுந்திருக்கவே இல்லை. பலகையைக் கழுவி வேனுக்குள் வைத்தோம். ஒரு பக்கம் அதன் கொக்கி, மறுபக்கம் கேட்டுச்சொல்லியின் கொக்கி. இரண்டும் வேனின் கம்பியில் மாட்டிக்கொண்டன. தட்டினால் கூட அசையவில்லை.

வரும் வழியெல்லாம் அண்ணன் அந்தப் பலகையில் கிடந்தார். வேன் அழும்போதெல்லாம், "எலேய், எனக்க ஸ்டாப் வந்திட்டாலே?" என்று கேட்பார். "இல்ல, நேரா போவட்டு" என்பேன். சென்னையைத் தாண்டிய பிறகு பெல்ட் ஒரு சுடுகாட்டுக்கும் அழவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, பலகையையும் சாக்கையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் யார்டுக்குப் போனோம். அன்று மழை. வெயிலே இல்லை. மழையன்று கேட்டுச்சொல்லி யாரோடும் பேச மாட்டார். பலகையைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, உம்ம பலகை" என்றான் ஜெபஸ்டின். ஊரெல்லாம் சொல்ல அவன் கதையைத் தயாராக வைத்திருந்தான்.

அவர் பலகையின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். ஓரத்தைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இது எனக்க பலகை இல்ல மக்கா."

ஜெபஸ்டின் விரலால் 'மாதா துணை' எழுத்தைக் காட்டினான்.

"எனக்க பலகையில அருளப்பன் கத்தியால பேரு கீறியிருப்பான். இதுல இல்ல."

"அருளப்பன் யாரு?" என்று அண்ணன் கேட்டார்.

"கூட ஓட்டினவன். இடதுபக்கம் இருப்பான். வடக்க வண்டி கவுந்து மறிஞ்சப்போ அவன் போயிட்டான். பின்பலகையைக் கழத்தி, அதுலதான் கெடத்தித் தூக்கிட்டுப் போனோம். ஊருக்குக் கொண்டுவர வழி தெரியல்ல. பொதச்ச எடத்துல பலகையையும் விட்டுட்டு வந்துட்டேன்." பலகையைத் தட்டிக் காட்டினார். "இது வேற ஆருக்கயோ."

நான் பலகையைத் திரும்பத் தூக்கப் போனேன். அவர் கையை வைத்துத் தடுத்தார். அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இதுல கெடந்தவன் எந்திரிச்சு நடந்து வந்திருக்கான். இது போதும். கொண்டு மாட்டுங்க."

லாரியின் பின்னால் பலகையைத் தூக்கி நிறுத்தினோம். அவரே கொக்கியை மாட்டினார். யாருடையதோ பலகை, அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அப்போது, சூரியன் இல்லாத அந்த மழையில், குளிர்ந்து கிடந்த லாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

டிக்.

ஜெபஸ்டின் அந்தக் கதையை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கேட்டுச்சொல்லி இப்போது இல்லை. யார்டு இருந்த இடத்தில் மதில் கட்டிவிட்டார்கள். வண்டிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆனாலும் எந்த ஊரில் வேன் நின்றாலும், கழற்றியதை நான் சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறேன். கொடுக்க இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் சாக்குகள் அடுக்கிக் கிடக்கின்றன. "இந்தச் சவத்தையெல்லாம் ஆருக்குச் சேத்து வைக்கிய?" என்று என் மனைவி கேட்பாள்.

"அதுகளுக்கு முன்னால அந்த வார்த்தையச் சொல்லாத பிள்ள" என்பேன். அவர் இல்லை, யாராவது ஒருவர் சொல்ல வேண்டுமே.