கம்பவுண்டரின் ராணியும் என் சப்வூஃபரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். மேல்மாடிக் கம்பவுண்டர் சௌக்கியமா என்பது தெரியாது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது நாள் ஆகிறது. இருபது வருஷமாக மாலை நாலு மணிக்குத் தவறாமல் செஸ் ஆட இறங்கி வந்த மனிதர். இதற்குக் காரணம் தாங்கள் சிபாரிசு செய்த சப்வூஃபர் என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டரில் படம் போட்டால் சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்று சொன்னதற்கு, நல்ல சவுண்ட் கார்டு போடுங்கள் என்றீர்கள். போட்டேன். கடைக்காரர் ஆறு ஸ்பீக்கருக்கானதை என் தலையில் கட்டிவிட்டார். வீட்டில் இருந்ததோ இரண்டு. இசை பிரமாதமாகக் கேட்டது. படத்தில் இருந்தவர்கள் வாயை வாயைத் திறந்தார்கள், பேச்சுத்தான் வரவில்லை. கதாநாயகியின் அப்பா எதற்கு அழுகிறார் என்று தெரியாமலே இரண்டு முழுப் படம் பார்த்தோம். உங்களுக்கு போன் செய்தால், "மாமா, பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போகுது, அது உங்ககிட்ட இல்லையே. செட்டிங்ஸ்ல ரெண்டு ஸ்பீக்கர்னு மாத்துங்க" என்று சிரித்தீர்கள். மாற்றினேன், பேச்சு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். "ஸ்பீக்கர் சின்னது மாமா, அடித்தொண்டைச் சத்தத்துக்குத் தனியா ஒரு பெட்டி உண்டு, சப்வூஃபர்னு பேரு. அதைச் சேர்த்தாத்தான் செட் சரியாகும்" என்றீர்கள் பாருங்கள், அங்கே பிடித்தது வினை.

இடமில்லாமல் பெட்டியைச் செஸ் மேஜைக்கு அடியில் தள்ளினேன். முதல் நாளே அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. போன வாரம் ஆட்டத்தின் நடுவில் கம்பவுண்டர் கை கழுவப் போனார். ஓடிக்கொண்டிருந்த படத்தில் ஏதோ பாலம் இடிந்தது, பெட்டி உறுமியது, என் குதிரை மெல்ல நகர்ந்து அவருடைய ராணியை வெட்டுகிற கட்டத்தில் போய் நின்றுகொண்டது. திரும்பி வந்தவர் முறைத்தார்.

"இந்தக் குதிரை எப்படிய்யா இங்க வந்துச்சு?"

"சப்வூஃபர்" என்றேன்.

"அது ராணியைப் பாத்துத்தான் நகத்துமா? என்னை என்ன ஏமாளின்னு நினைச்சியா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை, நாலு மணி ஆனால் கை தானாகக் காய்களை அடுக்குகிறது. எதிரே ஆளில்லை. உங்கள் மாமியாரோடு ஆடிப் பார்த்தேன், "இதுல எது எல்லாரையும் வெட்டும்? அதையே எனக்கு ரெண்டு குடுங்க" என்கிறாள். அந்த மனுஷன் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்தும் விடியாத மாதிரி இருக்கிறது. ஆகவே, எஞ்சினியர் என்ற முறையில், அதிர்வினால் குதிரை நகரும் என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். அடுத்த முறை வரும்போது பெட்டியையும் எடுத்துப் போய்விடவும்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அனைவரும் நல்ல காதோடு நீண்ட நாள் வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மாமியார் இதை வாங்கி வாசித்தாள். "அன்னைக்கு நீங்க ஆட உக்கார்றதுக்கு முன்னாடியே அயர்ன் பாக்ஸ் போட அந்தப் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினது நான்தானே? ராத்திரி வரைக்கும் திரும்ப மாட்டவே இல்லையே!" என்கிறாள். தோற்கிற நிலைமை மாப்பிள்ளை, ஒரே ஒரு கட்டம்தான் நகர்த்தினேன். மேலே போய் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. போகிறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும். சான்றிதழை மட்டும் கொஞ்சம் பழைய தேதி போட்டு அனுப்புங்கள். இதற்கு முன்னால் நான் ஜெயித்த ஆட்டங்களைப் பற்றியும் அவர் கேட்டாலும் கேட்பார்.