இன்னைக்கு மீன் வேணாம்

அடுத்தவர் மனசை அளக்கப் போகிறவர்கள் தங்கள் மனசை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நான் பூட்டக்கூட இல்லை. அப்படியொன்று எனக்கும் இருப்பது அப்போது தெரியாது.

கல்யாணமான புதிது. ஓர் ஆய்வு நிறுவனத்தில் பேட்டி எடுக்கும் வேலை. வட்டாரப் பிரச்சினைகளும் மனப்பான்மையும் பற்றிய நாற்பது கேள்விகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். (நான் கேட்டு முடித்ததும் நாட்டில் பேதமெல்லாம் கடலில் விழுந்துவிடும் என்கிற நடை வேறு.)

ரீட்டா அக்கா சாலையோரம் மீன் பரப்பியிருந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பஸ், இரண்டையும் அடக்கும் குரல் நடுவில். தண்ணீர் வராதது, கழிப்பறை இல்லாதது, கடையை எடுக்கச் சொல்லி விரட்டுவது எல்லாவற்றுக்கும் செதில் தேய்த்தபடியே பதில் சொன்னார். இருபத்தேழாவது கேள்வியில் கத்தி நின்றது.

"உங்களிலிருந்து வேறுபட்டவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவீர்களா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை."

"இன்னா பாப்பா, நானே சொல்லிக்கினு கீறேன். நீ சொல்லு. என்னைக் கூப்ட்டு சோறு போடுவியா?"

"எப்போதும்!" என்றேன். அலையே கைதட்டியதுபோல் இருந்தது. அந்த மிதப்பில், "இந்த ஞாயித்துக்கிழமையே வாங்கக்கா" என்று முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். வறுத்த கிழங்கா மீன் என்றால் எனக்கு உயிர் என்று உளறியும் வைத்தேன்.

ஒன்றைச் சொல்லவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வாடகை வீடு, "நாங்க சுத்த சைவம்" என்ற பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது. பத்து வீடுகளில் கதவு சாத்தப்பட்டு, பதினோராவதில் என் வீட்டுக்காரர் சொன்ன பொய் அது. (நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சைவத் தலை எப்படி ஆடுமோ அப்படி.) ஒரு செதில் உள்ளே வந்தாலும் நாங்கள் வெளியே.

ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால், மாம்பழக் கலர் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லி, கையில் பெரிய பையோடு ரீட்டா அக்கா. அவர் பின்னால் மாடிப்படியில், மோட்டார் போட வந்த வீட்டு ஓனர் மாமா.

நான் மல்லியைப் பார்க்கவில்லை. பட்டைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்:

"இன்னைக்கு மீன் வேணாம்!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீன் விக்க வரல பாப்பா. சோறு துன்ன வந்தேன். நீதான கூப்ட்ட?" பையை விரித்துக் காட்டினார். உள்ளே ஆரஞ்சுப் பழங்கள். "நீ ஆசைப்பட்டியேன்னு கிழங்கா வறுத்து எடுத்தாரலாம்னுதான் பாத்தேன். குடித்தன வூடு, நாறும், ஒனக்கு எதுக்குப் பேச்சுன்னு பழம் வாங்கியாந்தேன்."

என் மானத்தை அத்தனை பத்திரமாகச் சுமந்துவந்து, படிக்கட்டில் கொட்டினார்.

"கிழங்காவா?" என்றார் மாமா. "ஏம்மா, சைவம்னுதானே சொன்னேள்?"

உள்ளே குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. குடும்பத் தலைவர் தலைமறைவு.

அக்கா என் முகத்தைப் பார்த்தார், மாமா முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். வாசலையே பார்த்தபடி ஊற்றியதில் சாம்பார் பாதி தரைக்குப் போனது. மீதியை ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டார்:

"இத்த துன்னவா பொய் சொன்னீங்க?"

கிளம்பும்போது வாசலில் திரும்பி, "இருபத்தேழுல ஒனக்கு 'சில நேரம்'னு போட்டுக்கோ" என்றார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தோம். இப்போது அடையாற்றில் இருக்கிறோம். மீன் வாங்க மட்டும் நொச்சிக்குப்பம்தான். எனக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டில் அழைப்பு மணி அடித்தால், யார் எவர் என்று பார்க்காமல், என் மகள் அறைக்குள்ளிருந்து அந்த மூன்று வார்த்தையைக் கத்துகிறாள்.

அக்கா கத்துவதுகூட இல்லை. தூரத்தில் என்னைக் கண்டதும் கூடையை மூடிவிட்டு ஆரஞ்சு ஒன்றை உரிக்க ஆரம்பிக்கிறார். பாதிப் பழத்தை நான் நின்றபடியே தின்று முடித்த பிறகுதான் மீன் வெட்டக் கத்தியை எடுக்கிறார்.